படத்துக்கு அடியில் என்ன எழுத வேண்டும்?
செப்புத் திருமேனிகளை முன்வைத்து, ஆய்வெழுத்தில் படச்சான்று பற்றிய ஒரு விசாரணை

1. கேள்வி

தமிழில் கலை வரலாறு எழுதுவோர் எழுத்துச் சான்றுகளிடம் காட்டும் கண்டிப்பைப் படங்களிடம் காட்டுவதில்லை. ஒரு கல்வெட்டு வரியை எடுத்தாளும் ஆய்வாளர் தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும் தருகிறார். தராவிட்டால் நெறியாளரே திருப்பி அனுப்பிவிடுவார். அதே பக்கத்தில் அச்சாகியிருக்கும் சிற்பத்தின் படத்துக்கு அடியில் ‘நடராசர், சோழர் காலம்’ என்று மட்டும் இருக்கும். எந்த ஊர் நடராசர், இப்போது எங்கே இருக்கிறார், படத்தை எடுத்தவர் யார், எந்த ஆண்டில் எடுத்தார் என்பவற்றுக்கு விடை இருக்காது. நூலின் முன்பக்கத்தில் ‘படங்கள் உதவி: இணையம்’ என்றொரு வரியோடு நன்றிக்கடன் தீர்ந்துவிடும்.

இது வெறும் ஒழுங்குக் குறைவு என்று கடந்துபோகக் கூடியதா? அல்லது ஆய்வின் உண்மைத்தன்மையையே பாதிக்கும் குறையா? இக்கட்டுரை இந்த ஒரு கேள்வியையே ஆராய்கிறது. கலைப்படைப்பின் படத்தை மேற்கோள் காட்டும்போது மூன்று தனித்தனிச் சான்றுகளை நாம் கையாளுகிறோம் என்பது என் வாதம்: படத்தில் தெரியும் பொருள், அப்பொருளைக் குறித்த நேரத்தில் பதிவுசெய்த நிழற்படம், அந்த நிழற்படம் நம் கைக்கு வந்துசேர்ந்த வழி. மூன்றுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. மூன்றையும் ஒன்றாகக் கலந்து எழுதும் குறிப்பு, வாசகரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக் கூடியது. தமிழகச் செப்புத் திருமேனிகளின் அண்மைக்கால வரலாறு இதற்குப் போதிய சான்று தருகிறது.

2. நடைமுறையிலுள்ள முறைகளும் அவற்றின் எல்லையும்

ஆய்வேடுகளில் இன்று பெரிதும் பின்பற்றப்படும் மேற்கோள் முறைகள் மூன்று: ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ. 2019இல் வந்த ஏபிஏ ஏழாம் பதிப்பு கலைஞர் பெயர், ஆண்டு, தலைப்பு, படைப்பின் வகை, அருங்காட்சியகம், ஊர் என்ற வரிசையைக் கேட்கிறது. பிறர் படத்தைக் கட்டுரைக்குள் அச்சிட்டால் அதன் உரிமையாளரையும் குறிக்க வேண்டும் என்கிறது. 2021இல் வந்த எம்எல்ஏ ஒன்பதாம் பதிப்பு, படைப்பை நேரில் கண்டோமா, நூலிலோ இணையத்திலோ கண்டோமா என்பதைப் பிரித்துக் காட்டச் சொல்கிறது. சிகாகோ முறை கலைப்படைப்புகளைப் பெரும்பாலும் அடிக்குறிப்பிலேயே குறிக்கிறது. ஊடகத்துக்கும் அளவுக்கும் அதில் இடமுண்டு.

இவற்றில் எம்எல்ஏ முறையின் பிரிப்பு மிகவும் பயனுள்ளது. நேரில் பார்த்த சிலைக்கும் நூலின் படத்தட்டில் பார்த்த சிலைக்கும் உள்ள வேறுபாட்டை அது மதிக்கிறது. ஆனால் மூன்று முறைகளுக்கும் முன்மாதிரியாக நிற்பது ஐரோப்பிய ஓவியமே. வரைந்தவர் பெயர் தெரியும். தலைப்பை அவரே வைத்திருப்பார் அல்லது அருங்காட்சியகம் உறுதிசெய்திருக்கும். ஆண்டு ஏறத்தாழ நிச்சயம். படைப்பு ஒரு சுவரில் நிலையாகத் தொங்கும்.

சோழர் காலச் செப்புத் திருமேனிக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. வார்த்தவர் பெயர் தெரிவது மிக அரிது. பெயர் என்பது உருவ அமைதியைக் கொண்டு நாம் சொல்வது. காலத்தைப் பெரும்பாலும் பாணியைக் கொண்டே கணிக்கிறோம். இருப்பிடமோ மாறிக்கொண்டே இருக்கிறது: கோயிலிலிருந்து நிலத்தடிக்கு, அங்கிருந்து மீண்டும் கோயிலுக்கு, காப்பகத்துக்கு, சில நேரம் களவுபோய்க் கடல் கடந்து. ஆகவே முறைநூல்களின் கட்டங்களை அப்படியே நிரப்பினால் முதல் கட்டமே வெறுமையாக நிற்கும். நமக்கு மிகவும் தேவையான செய்திக்குக் கட்டமே இருக்காது. அந்தச் செய்தி, படம் எடுக்கப்பட்ட நாள்.

3. சிவபுரம்: ஒரே பெயரில் இரண்டு திருமேனிகள்

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிவபுரத்தில் 1951இல் நிலத்துக்கடியிலிருந்து செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடராசரும் ஒன்று. அவை ஊர்க் கோயிலில் சேர்க்கப்பட்டன. 1954இல் பழுதுபார்ப்பதற்காக ஒரு ஸ்தபதியிடம் கொடுக்கப்பட்டன. கோயிலுக்குத் திரும்பி வந்தவை புதிதாக வார்த்த படிகள். மூலம் கைமாறி, பம்பாயில் ஒரு தனியார் சேகரிப்பை அடைந்தது.

கோயிலில் இருப்பது மூலமல்ல என்பதை உலகறியச் செய்தது ஒரு கலை வரலாற்று நூல்தான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரட், முற்காலச் சோழர் செப்புத் திருமேனிகள் பற்றி 1965இல் பம்பாயில் வெளியிட்ட நூலில், உண்மையான சிவபுரம் நடராசர் தனியார் கையில் இருப்பதைக் குறிப்பிட்டார். பின்னர் அது அமெரிக்கா சென்றது. 1973இல் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை அதை வாங்கியது. இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 10 ஆண்டுகள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டு, 1986இல் இந்தியாவுக்குத் திரும்பியது.

இந்த வரலாற்றைப் படமேற்கோளின் கண்கொண்டு பார்ப்போம். ‘சிவபுரம் நடராசர், 10ஆம் நூற்றாண்டு’ என்ற குறிப்புடன் ஒரு படம் நமக்குக் கிடைக்கிறது. அது 1954க்கு முன் கோயிலில் எடுத்ததானால் காண்பது மூலம். 1954க்குப் பின் அதே கோயிலில், அதே பீடத்தில் எடுத்ததானால் காண்பது 20ஆம் நூற்றாண்டுப் படி. பம்பாயிலோ அமெரிக்காவிலோ எடுத்ததானால் மீண்டும் மூலம். குறிப்பின் சொற்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றே. இடத்தைச் சேர்த்து ‘சிவபுரம் கோயில்’ என்று எழுதினாலும் ஐயம் தீராது, இன்னும் ஆழமாகும். ஐயத்தைத் தீர்ப்பது படம் எடுத்த ஆண்டு ஒன்றுதான்.

1954க்கும் 1965க்கும் இடையில் கோயிலுக்கு நேரில் போய், தன் கையால் படமெடுத்து, நல்லெண்ணத்தோடு ‘10ஆம் நூற்றாண்டு’ என்று எழுதியிருக்கக்கூடிய ஆய்வாளரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அவர் நாளைக் குறித்திருந்தால், பின்வந்தவர் அந்தத் தவறைக் கண்டு திருத்தியிருக்கலாம். குறிக்காவிட்டால் அந்தப் படத்தை வைத்துச் சோழர் கால ஆடை மடிப்பையோ சடையின் அமைப்பையோ பேசும் ஒவ்வொரு வாதமும் ஆட்டம் காணும். சான்றின் மதிப்பு, பிறர் அதைச் சோதித்துப் பார்க்க முடிவதில் இருக்கிறது. நாளற்ற படம் அந்தச் சோதனைக்கு வழிவிடுவதில்லை.

4. ஸ்ரீபுரந்தான்: நாள் குறித்த படம் சாதித்தது

எதிர்ப்புறச் சான்று அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானிலிருந்து கிடைக்கிறது. அவ்வூர்க் கோயில் நடராசர் களவுபோய், நியூயார்க் வணிகர் ஒருவர் வழியாக 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. சிலை பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டதாகக் காட்டும் போலி ஆவணங்கள் உடன் தரப்பட்டிருந்தன.

அந்த ஆவணங்களைப் பொய்யாக்கியவை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் நிழற்படங்கள். 1955இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் பதிவுசெய்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிழற்படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஊர்ப்பெயரும் கோயில் பெயரும் ஆண்டும் குறித்து வைப்பது அதன் வழக்கம். ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள்ளேயே அந்த நடராசர் 1994இல் படமெடுக்கப்பட்டிருந்தார். 1994இல் கோயிலில் இருந்த திருமேனி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வெளிநாடு போயிருக்க முடியாது. 2014 செப்டம்பரில் அது இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் இருந்த விருத்தாசலம் அர்த்தநாரீசுவரர் கற்சிற்பமும் அதனுடன் திரும்பியது.

இங்கே நுட்பமான ஒரு தொழில் உண்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் திருமேனிகள் மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் வார்த்துச் செய்யப்படுபவை. திருமேனியை வெளியே எடுக்க மண் அச்சை உடைத்தாக வேண்டும். எனவே ஓர் அச்சில் இரண்டு திருமேனி பிறப்பதில்லை. திருவாசியின் சுடர்கள், பீடத்துத் தாமரை இதழ்கள், வார்ப்பில் விழுந்த சிறு குழிகள், பூசையில் தேய்ந்த இடங்கள் எல்லாம் ஒவ்வொரு மேனிக்கும் தனித்தவை. தெளிவான இரண்டு படங்களை அருகருகே வைத்தால் இரண்டும் ஒரே மேனியா என்று தேர்ந்த கண் சொல்லிவிடும். ஆனால் எப்போது, எங்கே என்ற கேள்விகளுக்குப் படத்தின் உருவம் விடை சொல்லாது, குறிப்புதான் சொல்லும். ஸ்ரீபுரந்தானில் நீதி கிடைத்ததில் கேமராவுக்கு உள்ள பங்கு, படத்தோடு நாளையும் ஊரையும் எழுதிவைத்த கைக்கும் உண்டு.

5. படமெடுத்தவரின் பார்வை

நிழற்படம் பொருளை உள்ளபடி காட்டும் கண்ணாடி என்ற எண்ணம்தான் படமெடுத்தவர் பெயரைத் தேவையற்றதாக ஆக்குகிறது. இந்த எண்ணம் தவறு.

சென்னை அரசின் நிழற்படக் கலைஞராக இருந்த லினேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சை, திருச்சி ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாக எடுத்து, 21 படங்களை இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் அக்கல்வெட்டுகளைப் பதிப்பிப்பதற்குப் பல பத்தாண்டுகள் முந்தைய பதிவு அது. அதே டிரைப், தாம் பயன்படுத்திய மெழுகிட்ட காகித எதிர்ப்படிகளில் வானம் வெறுமையாக விழுந்ததால் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார். ஆக அவருடைய ஒரு படத்தில் கோயில் சுவர் சான்று, மேகம் சான்றல்ல. ‘பழைய தஞ்சை’ என்ற குறிப்போடு அதை அச்சிடுபவர் இந்த வேறுபாட்டை வாசகரிடமிருந்து மறைத்துவிடுகிறார். டிரைப் பெயரும் 1858 என்ற ஆண்டும் எதிர்ப்படியின் வகையும் இருந்தால், அறிந்த வாசகர் தாமே பிரித்துக்கொள்வார்.

பிரெஞ்சுச் சிற்பி ரோடின் நடராசரைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அவர் மறைவுக்குப் பின் 1921இல் வெளிவந்தது. சென்னை அருங்காட்சியகத் திருமேனிகளை அவர் நேரில் கண்டதில்லை. நிழற்படங்களையே பார்த்து எழுதினார். எனவே அவர் வியக்கும் ஒளியும் நிழலும் செப்புக்கு எவ்வளவு உரியவையோ, படமெடுத்தவர் வைத்த கோணத்துக்கும் விளக்குக்கும் அவ்வளவு உரியவை. ரோடினை மேற்கோள் காட்டி நடராசரின் அழகைப் பேசுவோர் இந்த இடைநிலையைச் சொல்லாமல் விடுவது சான்றின் பாதியை மறைப்பதாகும்.

அச்சுப்படிகளிலும் இதே சிக்கல் உண்டு. ரவி வர்மாவின் எண்ணெய் ஓவியங்கள் 1894இல் அவர் தொடங்கிய அச்சகத்தின் வழியே வண்ண அச்சுகளாக வீடுதோறும் போயின. கல்லச்சில் ஓவியத்தைப் பெயர்த்தவர்கள் வேறு கைவினைஞர்கள். நிறமும் விவரமும் அவர்கள் கையில் மாறின. அவர் 1906இல் மறைந்த பின்னும் அச்சுகள் வந்துகொண்டிருந்தன. பூசையறைப் படத்தை ஆராய்பவர் பேசுவது அச்சுப்படியைப் பற்றி. அரண்மனை ஓவியத்தை ஆராய்பவர் பேசுவது மூலத்தைப் பற்றி. ‘ரவி வர்மா ஓவியம்’ என்று இரண்டுக்கும் ஒரே குறிப்பை எழுதினால் இரண்டு ஆய்வுகளும் குழம்பும்.

6. காலமும் பெயரும் யாருடைய முடிவு?

குறிப்பிலுள்ள செய்திகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. உயரத்தை அளந்து சொல்கிறோம். பதிவெண்ணைப் பார்த்து எழுதுகிறோம். காலத்தையோ பெரும்பாலும் ஊகிக்கிறோம். சித்தன்னவாசல் ஓவியங்கள் நெடுங்காலம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தவை எனக் கருதப்பட்டன; பழைய நூல்களின் படக்குறிப்புகள் அப்படியே சொல்கின்றன. அங்குள்ள 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டு, இளங்கௌதமன் செய்த திருப்பணியைக் கூறுவதால், ஓவியங்களைப் பாண்டியர் காலத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பலர். பழைய நூலிலிருந்து படத்தை எடுக்கும்போது அதன் குறிப்பையும் சேர்த்து எடுத்தால், கைவிடப்பட்ட ஒரு கருத்து புதிய நூலில் செய்தியாகப் புகுந்துவிடும். காலத்தைச் சொல்லும்போது யாருடைய கணிப்பு என்பதையும் சொல்வதே நேர்மை.

பெயரும் அப்படித்தான். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தை ‘அர்ச்சுனன் தவம்’ என்றும் ‘கங்கை இறங்குதல்’ என்றும் குறிக்கிறார்கள். இவ்விரு பெயர்களும் இரண்டு விளக்கங்கள். படக்குறிப்பில் ஒன்றை மட்டும் எழுதியவர், கட்டுரை வாதிடத் தொடங்குமுன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்.

தமிழர் எல்லோரும் அறிந்த இன்னொரு சான்று வள்ளுவர் உருவம். தாடியும் வெண்ணிற ஆடையும் எழுத்தாணியுமாக நாம் காணும் உருவத்தை வரைந்தவர் 20ஆம் நூற்றாண்டு ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா. அந்த ஓவியம் 1964இல் சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பட்டது. ஆனால் பாடநூலிலும் ஆய்வுநூலிலும் அதன் கீழ் ‘திருவள்ளுவர்’ என்ற சொல்லே போதுமென்று விடப்படுகிறது. குறளின் காலத்தை ஆராயும் கட்டுரையில் ஓவியர் பெயரும் ஆண்டும் இல்லாமல் அந்தப் படம் இடம்பெற்றால், நவீன ஓவியர் ஒருவரின் கற்பனை பழைய சான்றின் தோற்றத்தைப் பெறுகிறது. உழைத்த கலைஞருக்கு அநீதி; வாசகருக்குத் தவறான செய்தி. ஒரே ஒரு வரியால் இரண்டையும் தவிர்க்கலாம்.

7. இரண்டு மறுப்புகள்

இவ்வளவும் எழுதினால் படக்குறிப்பு படத்தை விட நீண்டுவிடும் என்பது பதிப்பாசிரியர்களின் மறுப்பு. இதற்கு எளிய தீர்வு உண்டு. பக்கத்தில் சுருக்கக் குறிப்பும், நூலின் இறுதியில் படப்பட்டியலில் முழு விவரமும் தரலாம். நல்ல கலை வரலாற்றுப் பதிப்புகள் நெடுங்காலமாக இதைச் செய்துவருகின்றன. ஆய்வேடுகளிலும் படப்பட்டியல் இருக்கிறது; ஆனால் அதில் தலைப்பும் பக்க எண்ணும் மட்டுமே இருக்கின்றன. அந்தப் பட்டியலை விரிவாக்கினாலே போதும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. திருமேனி இருக்கும் ஊரையும் கோயிலையும் துல்லியமாக அச்சிடுவது கள்வர்களுக்கு வழிகாட்டுவதாகாதா? காவலில்லாத சிறுகோயில்கள் நிறைந்த நாட்டில் இந்த அச்சம் நியாயமானது. எனினும் ஸ்ரீபுரந்தான் காட்டுவது வேறு: பதிவு இல்லாமல் மீட்பு நடக்காது. எனவே பதிவைக் கைவிடாமல் வெளியீட்டில் எச்சரிக்கை காட்டுவதே தக்க வழி. காவலற்ற இடத்திலுள்ள திருமேனிக்குப் படக் காப்பகத்தின் பெயரையும் படத்தின் பதிவெண்ணையும் நாளையும் தந்துவிட்டு, கோயிலின் பெயரைக் காப்பகப் பதிவோடு நிறுத்திக்கொள்ளலாம். சரிபார்க்க விரும்பும் ஆய்வாளருக்கு வழி திறந்திருக்கும்.

கெட்டி தகவல் நிறுவனம் 1997இல் வெளியிட்ட ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்ற பதிவுமுறை இங்கே உதவும். காவல்துறை, அருங்காட்சியகங்கள், காப்பீட்டுத் துறை ஆகியவற்றின் தேவைகளைக் கலந்து உருவாக்கப்பட்ட முறை அது. பொருளின் வகை, உலோகம் அல்லது கல், அளவு, எழுத்துப்பொறிப்பு, தனித்த அடையாளங்கள், படங்கள் என்று கேட்கும் அம்முறை, செய்தவர் பெயர் தெரியாத பொருளுக்கும் முழுமையான அடையாளம் தருகிறது. ஓவியக்கூடத்தை மனத்தில் கொண்ட மேற்கோள் முறைகளை விட இது நம் திருமேனிகளுக்கு நெருக்கமானது.

8. நன்றி வேறு, அனுமதி வேறு

மேற்கோளையும் உரிமையையும் குழப்பிக்கொள்வது பரவலாக இருக்கிறது. ஆயிரம் ஆண்டுப் பழமையான சிலைக்குப் பதிப்புரிமை கிடையாது. நேற்று அதை எடுத்த நிழற்படத்துக்கு உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு, திறனாய்வுக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் நியாயமாகக் கையாள்வதை அனுமதிக்கிறது. 57ஆம் பிரிவு, படைத்தவர் தம் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்று கோரும் உரிமையைக் காக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பின் நிழற்படத்தின் உரிமைக்காலம் எடுத்தவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும் ஆகும். ‘நன்றி: இணையம்’ என்பது இவற்றில் எந்தக் கடமையையும் நிறைவேற்றவில்லை. இணையம் படமெடுக்கவில்லை, யாரோ ஒருவர் எடுத்தார்.

9. முன்மொழிவு

மேற்கண்டவற்றின் அடிப்படையில், தமிழ் ஆய்விதழ்களும் பல்கலைக்கழகங்களும் படக்குறிப்புக்கு மூன்று அடுக்குகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். முதல் அடுக்கு பொருள்: பெயர், ஊடகம், உயரம், கிடைத்த இடம், கணித்த காலம், கணித்தவர், இன்றைய இருப்பிடம், பதிவெண். இரண்டாம் அடுக்கு பதிவு: படமெடுத்தவர் அல்லது நிறுவனம், எடுத்த இடம், எடுத்த நாள். மூன்றாம் அடுக்கு வழி: எந்த நூலின் எந்தத் தட்டு அல்லது எந்தக் காப்பகத்தின் எந்த எண், வெட்டியோ நிறம் மாற்றியோ இருந்தால் அந்த மாற்றம்.

சிவபுரத்துக்கு இதைப் பொருத்தினால் குறிப்பு இப்படி அமையும்: ‘நடராசர், செப்பு, 10ஆம் நூற்றாண்டு, சிவபுரத்தில் 1951இல் கிடைத்தது. நிழற்படம்: 1954க்கு முன், சிவபுரம் கோயிலில்.’ மற்றொன்று: ‘சிவபுரம் நடராசரின் படி, 20ஆம் நூற்றாண்டு. நிழற்படம்: 1954க்குப் பின், சிவபுரம் கோயிலில்.’ எடுத்தவர் பெயரும் காப்பக எண்ணும் அவற்றோடு சேரும். இரண்டு படங்களையும் இனி எவரும் மாற்றிக் கொள்ள முடியாது.

விவரம் கிடைக்காத இடங்களில் ‘எடுத்தவர் தெரியவில்லை’, ‘நாள் தெரியவில்லை’ என்று எழுத வேண்டும். அதுவும் ஒரு செய்தி; அடுத்த ஆய்வாளர் தேட வேண்டிய இடத்தை அது காட்டும். இப்போதே செய்யக்கூடியது ஒன்றுண்டு. களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் தாம் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஊர், கோயில், நாள், தம் பெயர் ஆகிய நான்கையும் அன்றே எழுதிவைக்க நெறியாளர்கள் வற்புறுத்த வேண்டும். எந்தத் திருமேனி நாளை காணாமல் போகும் என்று நமக்குத் தெரியாது. போனால், அது எங்கே இருந்தது என்பதற்கு அந்த நான்கு சொற்களே சாட்சி.